மூன்றடிக்குக் கீழே

நாலு வயது மகனின் அறையை அழகுபடுத்த 60 ஆயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்திருக்கிறது, நகையை வைத்துச் செய்துவிடலாமா என்று நேற்று தோழி ஒருத்தி போனில் கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

போன வருடம் ஈரோட்டில் வீடு மாறியபோது, பாப்பாவுக்கென்று பத்துக்கு ஒன்பதில் ஓர் அறை கிடைத்தது. முதல் வாரமே 1,800 ரூபாய்க்குச் சுவர் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன். மரம், குருவி, நிலா. பாப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு மதியம் அவள் பக்கத்தில் தரையில் படுத்துப் பார்த்தேன். மேஜையின் அடிப்பலகை, தொங்குகிற வயர், கதவடியில் உரிந்த பெயிண்ட், இவைதான் கண்ணில் பட்டன. குருவி எங்கோ உச்சியில் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கத்தான் நான் அதை ஒட்டியிருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ரூபாயையும் மூன்றடிக்குக் கீழேதான் செலவழித்தேன்.

முதலில் தரை. அத்தை வீட்டு அட்டாலியில் பழைய பவானி ஜமக்காளம் ஒன்று சுருட்டிக் கிடந்தது. துவைத்து வெயிலில் போட்டதும் சிவப்பும் பச்சையும் புதுசு போல எழுந்து வந்தன. கெட்டி நூல், கைத்தறி நெசவு, எத்தனை இழுத்தாலும் தாங்கும். இப்போது பாப்பாவுக்குச் சிவப்புப் பட்டை பவானி ரோடு, பச்சைப் பட்டை காலிங்கராயன் வாய்க்கால். ரோட்டில் தீப்பெட்டி பஸ் போகும். "அப்பத்தா, வாய்க்கால்ல கால வெக்காதீங்க, நனஞ்சிரும்" என்று அவள் கத்த, என் மாமியாரும் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போகிறார். எந்தக் கார்ட்டூன் கார்ப்பெட் இதைத் தரும்?

எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் இதில்தான். சென்னிமலைப் போர்வை, கரூர்த் திரைச்சீலை, திருப்பூர் பனியன் துணி என்று ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புகிறவர்கள் நாம். நம் பிள்ளைகளின் அறைக்கு மட்டும் பிளாஸ்டிக் விரிப்பை ஆன்லைனில் ஆர்டர் போடுகிறோம். திருப்பூரில் கிலோ கணக்கில் கிடைக்கும் கட் பீஸ் ஒரு கிலோ வாங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா முக்கோணமாக வெட்டி நாடாவில் தைத்துக் கொடுத்தார். பாப்பாவின் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டியிருக்கிறேன். எந்தத் துண்டு வழவழப்பு, எந்தத் துண்டு சொரசொரப்பு என்று தடவித் தடவிப் பார்க்கிறாள்.

சுவரின் கீழ்ப்பகுதிக்குக் கரும்பலகை பெயிண்ட். காலி செய்யும்போது வெள்ளையடித்துத் தருகிறேன் என்றதும் வீட்டுக்கார அம்மா சரி என்றுவிட்டார்.

இரண்டு இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒன்று பெயிண்ட். 2017 நவம்பர் முதல் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல், இருக்கக்கூடாது என்பது சட்டம். டப்பாவில் அது அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்த அழகான பழைய அலமாரி ஒன்றை, பெயிண்ட் பொரிந்திருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டேன். மனஸ்தாபம்தான், இருக்கட்டும். விரலைச் சூப்புகிற குழந்தைக்கு அந்தப் பொருக்கு வயிற்றுக்குள் போனால், அதில் ஈயம் இருந்தால், மூளை வளர்ச்சியையே கெடுக்கும். பெயிண்ட் பழசென்றால் நீங்களாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அந்தத் தூசி இன்னும் மோசம்.

இன்னொன்று பீரோ. இழுப்பறையை இழுத்துப் படியாக்கி ஏறுகிற வயது இது, அப்படியே மேலே சாய்ந்துவிடும். எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்கிவிடுங்கள். கட்டிலை ஜன்னலடியில் போடாதீர்கள்.

ஸ்டிக்கரையும் சேர்த்து எனக்கு ஆனது 5,200 ரூபாய். தோழி ஞாயிற்றுக்கிழமை பையனோடு வருகிறாள். வந்ததும் அவளை ஜமக்காளத்தில் படுத்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.