கருப்பட்டிக் காப்பி சுகரை இறக்காது

அண்ணாச்சி, 'காப்பி குடல் பாக்டீரியாவை வளர்க்கும், தினம் கருப்பட்டிக் காப்பி குடித்தால் சுகர் தானே இறங்கும், மாத்திரை வேண்டாம்' என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியில் விஷயம் இருக்கிறது. 2024-இல் 22,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து வந்த ஆய்வில், காப்பி குடிப்பவர்களின் குடலில் லாசோனிபாக்டர் என்ற பாக்டீரியா பல மடங்கு அதிகமாக இருந்தது. காஃபீன் நீக்கிய காப்பிக்கும் அப்படித்தான். அந்தப் பாக்டீரியா சுகரைக் குறைக்கும் என்று அதில் நிரூபிக்கவில்லை.

காப்பி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, சரி. வராமல் இருப்பது வேறு, வந்தது இறங்குவது வேறு. காஃபீன் உள்ளே போனதும் சில மணி நேரம் இன்சுலின் வேலை மந்தமாவதும் உண்டு.

அப்புறம் கருப்பட்டி. தக்கலையில் வாங்கினாலும் மார்த்தாண்டத்தில் வாங்கினாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே சரக்கு. எங்கள் வீட்டுச் சுக்குக் காப்பியில் சுக்கு, மல்லி, நல்லமிளகு, உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பட்டி எல்லாம் விழும். காப்பித்தூள் மட்டும் விழாது! அதில் எந்தப் பாக்டீரியாவை வளர்ப்பது?

மாத்திரை வேண்டாம் என்ற வரியையாவது எடுத்துவிடுங்கள்.