பிரேக் ஆயில் ஊற்றினால் ஆயில் சீல் ஒழுக்கு நிற்குமா?

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குகளின் கியர் ஆயிலில் சிறிது பிரேக் ஆயில் கலந்தால், சுழலும் ஷாஃப்டை (தண்டை) ஒட்டி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் உப்பி ஒழுக்கு நின்றுவிடும், சீல் மாற்றவே வேண்டாம் என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு, வண்டியை நேசிப்பவர்கள் இதைச் செய்து பார்க்கவும் கூடாது.

டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சார்ந்த திரவம்; பிரேக் பகுதிகளில் அதைத் தாங்கும் வேறு ரப்பரே பயன்படுகிறது. எஞ்சின் சீல்களில் பெரும்பாலும் உள்ள நைட்ரைல் ரப்பர் அதில் ஊறினால் உப்புவது உண்மைதான் என்றாலும், அந்த உப்பல் ரப்பரை மென்மையாக்கி வலுவிழக்கச் செய்வதால், சில நாள் நின்றதுபோல் தோன்றிய கசிவு முன்னைவிட அதிகமாகத் திரும்பலாம். ஈரத்தை உறிஞ்சும் அந்தத் திரவம் கியர் ஆயிலின் மசகுத் தன்மையையும் கெடுக்கும்.

இந்த வண்டியில் உள்ளது போன்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் இரு பக்கச் சீல்கள் தேய்வது வெறும் ஒழுக்கு அன்று. கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு எரிந்து புகையும். மின்சாரம் தரும் மேக்னெட் உள்ள மறுபக்கச் சீல் போனால் காற்று புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

சீலின் மேல் 25×40×7 என்றிருந்தால் அவை உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகியவற்றின் மில்லிமீட்டர் அளவுகள். மூன்றும் பொருந்தும் புதிய சீலை, ஷாஃப்டைத் தொடும் அதன் உள்விளிம்பான உதட்டில் கிரீஸ் தடவி, சாய்வின்றி அழுத்திப் பொருத்த வேண்டும். ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் ஒழுகும் என்பதால், பழையதைக் கழற்றியதும் அந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்ப்பது அவசியம்.