பிறந்த தேதிக்குக் காலண்டர் சரிவராது

"வெப் ஃபார்மில் எந்தத் தேதியானாலும் காலண்டர் விட்ஜெட் (தேதியைத் தட்டித் தேர்ந்தெடுக்கும் சிறு காலண்டர்) வைத்தால் பயனர் தவறே செய்ய மாட்டார், மூன்று பெட்டி ஃபார்ம் காலாவதியானது" என்று சிலர் சொல்வது பிறந்த தேதிக்குப் பொருந்தாது.

காலண்டர் வழக்கமாக நடப்பு மாதத்தில் திறக்கும். 60 வயதுக்காரர் அம்புக்குறியைத் தட்டியே பின்னால் போனால் 720 தட்டு. ஆண்டைத் தட்டினால் பட்டியல் விரியும் என்பது பலருக்குத் தெரியாது. எட்டு இலக்கம் அடித்தால் முடிகிற வேலை இது! பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டமும் (அரசு இணையதளங்களுக்கான வடிவமைப்பு வழிகாட்டி) இப்படி மனதில் பதிந்த தேதிகளுக்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டிகளையே பரிந்துரைக்கிறது.

பெட்டிகளிலும் கோட்டை விடலாம். HTML-இல் பெட்டிக்கு டைப் நம்பர் (type="number", எண் மட்டும் ஏற்கும் வகை) வேண்டாம். சில பிரவுசர்களில் மவுஸ் சக்கரம் உருண்டாலே எண் மாறிவிடும். டைப் டெக்ஸ்ட் (type="text"), இன்புட்மோட் நியூமெரிக் (inputmode="numeric") போடுங்கள், மொபைலில் எண் கீபோர்டு வரும். பெட்டி நிரம்பியதும் கர்சர் தானாகத் தாவக்கூடாது, திருத்தத் திரும்பி வருபவரை அது அலைக்கழிக்கும். பிப்ரவரி 31 என்று வந்தால் ஜாவாஸ்கிரிப்டில் (பிரவுசரில் ஓடும் நிரல்மொழி) தேதிகளைக் கையாளும் டேட் (Date) அதைச் சத்தமில்லாமல் மார்ச் 3 ஆக்கிவிடும் (லீப் ஆண்டில் 2). அதனால் நாள், மாதம், ஆண்டை அப்படியே அனுப்பி சர்வரில் சோதியுங்கள். பிழையைக் காட்டும்போது அடித்ததை அழிக்காதீர்கள், பாவம், முழுக்க மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

கிழமை பார்த்து முடிவெடுக்கும் பயண முன்பதிவுக்குக் காலண்டர் தாராளமாக இருக்கட்டும்.