அன்றைக்கு ரஷீதுக்கு ஒரு விக்கெட்கூட இல்லை

உலகக்கோப்பை அதிர்ச்சிகள் என்று யார் பட்டியல் போட்டாலும் 2023 சேப்பாக்கம் மேட்ச் அதில் வந்துவிடுகிறது. நேற்றும் ஒரு வாட்ஸாப் குரூப்பில் வந்தது. 1983-இல் ஜிம்பாப்வே ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தது, 2003-இல் கென்யா இலங்கையைத் தோற்கடித்தது, அதற்கு அடுத்து ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானைத் தோற்கடித்தது. கூடவே ஒரு ஃபயர் எமோஜி. முதல் இரண்டைப் பற்றி எனக்கு வழக்கில்லை. மூன்றாவதை மட்டும் அந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன், அன்றைக்கு அங்கே அதிர்ச்சி என்று எதுவும் நடக்கவில்லை.

அன்றைக்கு ஆயுத பூஜை. அக்டோபர் 23, திங்கட்கிழமை. ராயப்பேட்டையில் எங்கள் அச்சகத்தில் மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து முடிக்கவே பன்னிரண்டாகிவிட்டது. அக்கா பையன் காலையிலிருந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறான். "இந்தியா மேட்சுக்குத்தான் டிக்கெட் கெடைக்கல, இதுக்காவது நேரத்துக்குப் போலாம் மாமா." நடந்தே போனோம். திருவல்லிக்கேணி முழுக்க வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள், நடுரோட்டில் குங்குமம் தடவிய பூசணித் துண்டுகள். பெல்ஸ் ரோடு திரும்பும்போது பையன் சொன்னான், "சும்மா ஜாலியா பாக்கலாம் மாமா, இவனுங்க 140-தான் அடிப்பாங்க."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து நாள் முன்னால், 18-ஆம் தேதி, இதே மைதானத்தில் நியூசிலாந்திடம் ஆப்கானிஸ்தான் 139-க்குச் சுருண்டிருந்தது. 149 ரன் வித்தியாசத்தில் தோல்வி. வரிசையாகக் கேட்ச் விட்டார்கள் வேறு.

இரண்டு மேட்சுக்கும் நடுவே என்ன மாறியது என்று பார்த்தால் அது லெவனில் தெரியும். இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஃபரூக்கியை உட்கார வைத்துவிட்டு நூர் அகமதுவை இறக்கினார்கள். ரஷீத், முஜீப், நபி, நூர் என்று நாலு ஸ்பின்னர். புதுப் பந்து எடுக்கும் ஆளை வெளியே வைத்துவிட்டு நாலாவது ஸ்பின்னரை எடுப்பது, அதுவும் அது ஒரு பதினெட்டு வயதுப் பையனின் முதல் உலகக்கோப்பை மேட்ச் என்னும்போது, சாதாரண முடிவு இல்லை. அவன் பாகிஸ்தானின் அப்துல்லா ஷஃபீக்கை எடுத்தான், ரிஸ்வானை எடுத்தான், 74-இல் இருந்த பாபரை எடுத்தான். 49 ரன்னுக்கு மூன்று. நபி பத்து ஓவரில் 31 ரன்தான் கொடுத்தார். ரஷீதுக்கு? பத்து ஓவர், 41 ரன், விக்கெட் இல்லை. தலைப்பை அதனால்தான் அப்படி வைத்தேன்.

ஆப்கானிஸ்தான் என்றாலே ரஷீத் கான்தான், அவரை நாலு ஓவர் தாண்டிவிட்டால் மேட்ச் நம் கையில் என்று பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் விக்கெட்டே எடுக்காத ஒரு நாளில், 283 ரன் இலக்கை இரண்டே விக்கெட் இழந்து, ஒரு ஓவர் மிச்சம் வைத்து அடித்தார்கள். இதற்குப் பெயர் அதிர்ச்சி இல்லை. பேட்டிங்.

ஓபனர் குர்பாஸ் 53 பந்தில் 65. அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அவர் அடிக்கிற அடி அப்படி. முதல் விக்கெட்டுக்கே 130. எனக்கு ஞாபகம் இருப்பது மறுமுனையில் நின்ற இப்ராஹிம் ஜத்ரான். 113 பந்தில் 87. பந்து வந்து, நின்று, திரும்பும் வரை காத்திருந்து, கடைசி நிமிஷத்தில் மட்டையை லேசாகத் திருப்பி ஒரு சிங்கிள். மறுபடி ஒரு சிங்கிள். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர், கையில் மடித்த தினசரி, அதன் ஓரத்தில் பென்சிலால் ஓவருக்கு ஓவர் ரன் குறித்துக்கொண்டே இருந்தார். இருபத்தைந்தாவது ஓவர் வாக்கில் திரும்பி, யாரிடமென்று இல்லாமல் சொன்னார்: "இவன் நம்ம ஃபர்ஸ்ட் டிவிஷன் லீக் ஆடினவன் மாதிரின்னா ஆடறான்." அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் சேப்பாக்கத்தில் கிடையாது. மெதுவான ஆடுகளத்தில், வெயில் தாழ்ந்தபிறகு, பொறுமையாக ரன் சேர்ப்பது எப்படி என்று சென்னை லீக்கில் ஆடியவர்களுக்குத்தான் தெரியும் என்பது நம்மூர்ப் பெரியவர்களின் நம்பிக்கை. ஒரு ஆப்கானியப் பையன் அதைச் செய்துகாட்டினான்.

இப்ராஹிம் போனபிறகும் ஒன்றும் ஆகவில்லை. ரஹ்மத் ஷா 77, கேப்டன் ஷாஹிதி 48, இரண்டு பேரும் அவுட்டாகவில்லை. பாகிஸ்தான் ஸ்பின்னர்களுக்கு ஒரு விக்கெட்கூட விழவில்லை, சேப்பாக்கத்தில்! அதற்கு முன் ஏழு ஒருநாள் போட்டிகளில் மோதி ஏழிலும் தங்களைத் தோற்கடித்திருந்த அணிக்கு எதிராக இப்படி.

இந்த பேட்டிங் ஒரே ராத்திரியில் வந்ததா? 2015-இல்தான் முதல் உலகக்கோப்பை. டனிடினில் ஸ்காட்லாந்துக்கு எதிராக 211 இலக்கு, 97-க்கு ஏழு விக்கெட். சமியுல்லா ஷென்வாரி தனியாளாக 96 அடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவரும் போய், கடைசி ஜோடியில் ஷாபூர் ஜத்ரான் பவுண்டரி அடித்துவிட்டுத் தலைமுடி பறக்க ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அழகான வெற்றிதான், ஆனால் தப்பிப் பிழைத்த வெற்றி. அதே தொடரில் பெர்த்தில் ஆஸ்திரேலியா 417 அடித்துத் துவைத்தது.

2019 அதைவிட மோசம். ஒன்பது மேட்ச், ஒன்பதும் தோல்வி. இதில் அணித் தேர்வுக்குப் பெரிய பங்கு உண்டு. உலகக்கோப்பைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அஸ்கர் ஆப்கானைக் கேப்டன் பதவியிலிருந்து தூக்கிவிட்டு குல்பதின் நைபை வைத்தார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி போட்டபிறகு சமையல்காரரை மாற்றின கதை. மான்செஸ்டரில் இங்கிலாந்து கேப்டன் மார்கன் 17 சிக்ஸர் அடித்த அந்த மேட்சில் ரஷீத் ஒன்பது ஓவருக்கு 110 கொடுத்தார். ஆனாலும் சவுத்தாம்டனில் நம்மை 224-இல் நிறுத்தினார்களே, அது ஞாபகம் இருக்கிறதா? நபி 52 அடித்துக் கடைசி ஓவர் வரை கொண்டுபோய், ஷமி ஹாட்ரிக் எடுத்துத்தான் நாம் 11 ரன்னில் தப்பித்தோம். பந்து வீச்சு அப்போதே இருந்தது. அடிக்கத்தான் ஆள் இல்லை.

2023-இல் ஆள் இருந்தார்கள். அந்தத் தொடரில் இப்ராஹிம் 376, ஓமர்ஸாய் 353, ரஹ்மத்தும் ஷாஹிதியும் முந்நூறைத் தாண்டினார்கள். டெல்லியில் இங்கிலாந்து, இங்கே பாகிஸ்தான், புனேவில் இலங்கை. மூன்றும் முன்னாள் சாம்பியன்கள். லக்னோவில் நெதர்லாந்தையும் சேர்த்தால் நாலு வெற்றி, ஆறாவது இடம். மும்பையில் ஆஸ்திரேலியா 91-க்கு ஏழு என்று கிடந்தது. மேக்ஸ்வெல் கொடுத்த கேட்சை முஜீப் விட்டார், அவர் 201 அடித்தார். அந்தக் கேட்ச் மட்டும் கையில் நின்றிருந்தால் என்று இப்போதும் சில ராத்திரி யோசிப்பேன். எனக்கும் காபூலுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்பார்கள்.

கண்மூடி ரசிக்கவில்லை, குறையும் தெரியும். 2024 டி20 உலகக்கோப்பையில் நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் வென்று அரையிறுதி வரை போனார்கள். ஒரே தொடரில் குர்பாஸும் இப்ராஹிமும் மூன்று முறை நூறு ரன் பார்ட்னர்ஷிப் போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் சும்மா வந்து போனார்கள். அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் ஓபனர்கள் சீக்கிரம் போனார்கள், ஆட்டம் 56 ரன்னில் முடிந்தது. அடுத்த வருஷம் லாகூரில், சாம்பியன்ஸ் டிராஃபியில், இப்ராஹிம் 177 அடித்து இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பினார். ஓபனர் நின்றால் மலை, போனால் மடு. நடுவரிசைக்கு ஆள் பிடிக்காதவரை இதுதான் நடக்கும்.

இன்னொரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவே பொய். பெஷாவர் பக்கம் அகதி முகாம்களில் ஆடக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் தொடங்கிய அணி இது. 2008-இல் ஜெர்சி தீவில் ஐந்தாவது டிவிஷனில் ஆடி, படிப்படியாக ஏறி, 2017-இல் டெஸ்ட் நாடானது. புழல் முகாமில் ஈழத்துப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனாலோ என்னவோ அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் நெருக்கம். ஆனால் அதே நாட்டில் 2020-இல் 25 பெண்களுக்கு கிரிக்கெட் ஒப்பந்தம் போட்டார்கள். மறுவருஷம் தாலிபான் வந்ததும் அவர்களில் பெரும்பாலானோர் நாட்டை விட்டு ஓடி ஆஸ்திரேலியாவில் ஒதுங்கினார்கள். 2025 ஜனவரியில் மெல்போர்னில் ஒரு காட்சிப் போட்டி ஆடினார்கள். ஆண்கள் அணியைத் தடை செய்யுங்கள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மைதானத்தில் அவர்கள் ஏந்துவது இன்னமும் பழைய கறுப்பு சிவப்பு பச்சைக் கொடிதான், தாலிபான் கொடி இல்லை. ஆனால் ஓடிப்போன பெண்களை ஒரு அணியாக அங்கீகரித்து ஆட வைக்க சர்வதேச கிரிக்கெட் சபையான ஐசிசிக்கு என்ன தயக்கம்? அகதிகளாகத் தொடங்கிய ஆண்களுக்கு வழி விட்ட அதே சபைதானே?

மேட்ச் முடிந்ததும் ஆட்டநாயகன் விருதை இப்ராஹிம் வாங்கினார். பாகிஸ்தானிலிருந்து திருப்பி அனுப்பப்படும் ஆப்கானியர்களுக்கு அதைச் சமர்ப்பிப்பதாகச் சொன்னார். மைதானத்தில் ரஷீத் இர்ஃபான் பதானோடு ஆடிக்கொண்டிருந்தார், விக்கெட் இல்லாதவர் மாதிரியே தெரியவில்லை. கூட்டம் எழுந்து நின்றது. 1997-இல் சயீத் அன்வர் 194 அடித்தபோது கைதட்டினோம், 1999-இல் பாகிஸ்தான் 12 ரன்னில் டெஸ்ட் ஜெயித்தபோது எழுந்து நின்றோம் என்று நாமே நம் முதுகில் தட்டிக்கொள்வது கொஞ்சம் ஓவர்தான். இருந்தாலும் அன்று நானும் எழுந்தேன்.

2025 மார்ச்சில் அதே பையனோடு மறுபடி சேப்பாக்கம், ஐபிஎல் மேட்ச். நூர் இப்போது சென்னையின் மஞ்சள் சட்டையில். மும்பைக்கு எதிராக 18 ரன்னுக்கு நாலு விக்கெட். ஸ்டேடியமே அவன் பெயரைக் கத்துகிறது.

"மாமா, அன்னிக்கு பாபரத் தூக்கினவன்தானே இவன்?"

"ஆமாடா. அன்னிக்கு ஓப்பனிங் இறங்கினவங்க யாருன்னு சொல்லு பாப்போம்."

"குர்பாஸ்." கொஞ்ச நேரம் யோசித்தான். "இன்னொருத்தன் இருந்தான்ல மாமா... கட்டை போட்டுக்கிட்டே இருந்தானே..."

அதற்குள் தோனி கீப்பிங் கிளவுஸோடு பெரிய திரையில் வந்துவிட்டார். பையன் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.