ரஃபேலுக்கு விசில், டகோட்டாவுக்குக் கொட்டாவி

2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த விமானப்படைக் காட்சிக்கு நானும் போயிருந்தேன். அன்றைய வெயிலும் நெரிசலும் தனி வருத்தம், அதற்குள் இங்கே போகவில்லை. ரஃபேல் வந்தபோது கரையெல்லாம் விசில். டகோட்டா என்ற பழைய சரக்கு விமானம் வந்தபோது, எனக்குப் பக்கத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த பையன், "இது ஏம்பா இவ்ளோ மெதுவா போகுது?" என்றான். "அது பழசுடா" என்று சொல்லிவிட்டு அப்பா போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பழசுதான் 1947 அக்டோபர் 27 அன்று டெல்லியிலிருந்து சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களைக் கொண்டுபோய் ஸ்ரீநகரில் இறக்கியது. அன்றைக்கு அது போகாமல் இருந்திருந்தால் நாம் பள்ளியில் வரைந்த இந்திய வரைபடம் வேறு மாதிரி இருந்திருக்கும். அடுத்த வருஷம் மே மாதம் விமானப்படை அதிகாரி மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு இமயமலையைத் தாண்டி, 11,000 அடிக்கு மேலே இருக்கும் லேவில் இறங்கினாரே, அதுவும் டகோட்டாதான். கேபினில் காற்றழுத்த வசதி கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். விமானப்படையில் சரக்கு விமானங்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவர், தெருவில் எல்லோருக்கும் அவர் சார்ஜன்ட் சார். மெரினாவுக்குப் போய்வந்த கதையைச் சொன்னேன். ரஃபேலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி, பிளேன் எவ்ளோ வேகம்னு எல்லாரும் கேப்பாங்க. எறங்குனப்புறம் எத்தனை நிமிஷத்துல காலி ஆச்சுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார்.

ராணுவ சரக்கு விமானங்களின் வரலாறு முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. டகோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பயணிகள் விமானமாகப் பிறந்து பட்டாளத்துக்குப் போனது. முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், உள்ளே தளம் சரிவாக இருக்கும். கதவோ பக்கவாட்டில். ஜீப்பை ஏற்ற வேண்டுமானால் சாய்வுப் பலகை போட்டு, மேலே ஏற்றி, கதவுக்குள் நுழைத்து, உள்ளேயே திருப்பி, மேட்டில் தள்ளி, உருண்டு வராமல் கட்ட வேண்டும். இத்தனை அவஸ்தையோடும் பத்தாயிரத்துக்கு மேல் செய்து குவித்தார்கள். ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெற்றிக்கு உதவிய சாதனங்கள் என்று ஐசனாவர் எழுதியபோது புல்டோசர், ஜீப், ராணுவ லாரி ஆகியவற்றோடு டகோட்டாவையும் சேர்த்தார். நான்கில் எதுவும் சண்டைக்கென்று செய்யப்பட்டதில்லை என்பதையும் அவரே குறிப்பிட்டார்.

சரிவான தளத்தின் விலை பெர்லினில்தான் எல்லோருக்கும் உறைத்தது. 1948 ஜூனில் சோவியத் யூனியன் மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் அடைத்தது. இருபது லட்சம் பேருக்கு மாவும் நிலக்கரியும் ஆகாயத்தில்தான் வர வேண்டும். நிலக்கரியை விமானத்தில் ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள்! கிட்டத்தட்ட அஞ்சரை வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கணக்கில்தான் ஜெர்மனி ஸ்டாலின்கிராடில் மாட்டிக்கொண்டது. சூழப்பட்ட படைக்குக் குறைந்தபட்சம் தினமும் 300 டன் வேண்டும். போய்ச் சேர்ந்ததோ சராசரியாக அதில் பாதிகூட இல்லை. ஒரு படையே அழிந்தது.

பெர்லினுக்குச் சரக்கு அனுப்பும் வேலையை நடத்த வந்த வில்லியம் டன்னர் என்ற அமெரிக்க ஜெனரல், அதற்கு முன் அஸ்ஸாமிலிருந்து இமயமலைக்கு மேலாகச் சீனாவுக்குச் சரக்கு அனுப்பிய 'ஹம்ப்' வழித்தடத்தை நடத்தியவர். ஆளுக்கு சாகசமே பிடிக்காது. மூட்டம் போட்ட ஒரு ஆகஸ்ட் நாளில் அவருடைய விமானமே பெர்லினுக்கு மேல் அடுக்கடுக்காகச் சுற்றிய விமானங்களுக்குள் சிக்கிக்கொண்டது. அதற்கப்புறம் ஒரே விதி: முதல் முயற்சியில் இறங்க முடியவில்லையா, சரக்கோடு கிளம்பிய இடத்துக்கே திரும்பு, இரண்டாம் முயற்சி கிடையாது. விமானிகள் விமானத்தை விட்டு நகரக் கூடாது, டீயும் தின்பண்டமும் வண்டியில் அவர்களைத் தேடி வரும்.

டன்னர் செய்த இன்னொரு காரியம், டகோட்டாக்களை ஒதுக்கிவிட்டது. மூன்றரை டன் ஏற்றிவந்த டகோட்டாவைக் காலி செய்ய ஆன அதே நேரத்தில், பத்து டன் ஏற்றிவந்த சி-54 விமானத்தைக் காலி செய்ய முடிந்தது. காரணம், மூக்குச் சக்கரம் இருந்ததால் அதன் தளம் மட்டமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். மொத்தமாக 2,77,000-க்கும் மேற்பட்ட பயணங்கள், சுமார் 23 லட்சம் டன், அதில் பெரும்பகுதி நிலக்கரி. 1949 மேயில் முற்றுகையை விலக்கிக்கொண்டார்கள்.

அடுத்த தாவல் 1954-இல் பறந்த சி-130 ஹெர்குலிஸ். லாக்ஹீடு நிறுவனத்தின் பெரிய மூளையான கெல்லி ஜான்சன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இது கம்பெனியையே அழித்துவிடும் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அவ்வளவு லட்சணம்! ஆனால் இறக்கை உடம்புக்கு மேலே, சக்கரங்கள் பக்கவாட்டுப் பொதிக்குள், தளம் லாரியின் உயரத்துக்குத் தாழ்ந்து, பின்பக்கம் கதவே சாய்தளமாக இறங்கும். லாரியைப் பின்னால் ஓட்டிவந்து நிறுத்தித் தள்ளினால் முடிந்தது. இவை தனித்தனியாக முன்பே சில விமானங்களில் இருந்தன, எல்லாவற்றையும் இவ்வளவு கச்சிதமாகச் சேர்த்தது இதுதான். எழுபது வருஷம் ஆகியும் இன்னும் உற்பத்தியில் இருக்கிறது. 2013-இல் நம் விமானப்படை, 16,000 அடிக்கு மேலே இருக்கும் தௌலத் பேக் ஓல்டியில் இறக்கியதும் இதன் புதிய வகையைத்தான்.

ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு சரக்கு விமானம் என்றால் ஆன்டனோவ், அதாவது ஏஎன்-32. சேலையூரில் வளர்ந்தவன் நான். தாம்பரம் தளத்திலிருந்து அது கிளம்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கிகள் ஆடும். அம்மாவுக்கு அது 'அந்தமான் வண்டி'. சூட்டிலும் உயரத்திலும் திணறக் கூடாது என்று பெரிய எஞ்சின்களை இறக்கைக்கு மேலே தூக்கிவைத்திருப்பார்கள், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பின்கதவு கீழே இறங்குவதோடு, உடம்புக்கு அடியிலும் நகர்ந்து போகும். லாரி நேராக வந்து ஒட்டலாம், வானத்திலிருந்து பொதியும் தள்ளலாம்.

அப்படித் தள்ளியதில் நமக்கு மறக்க முடியாதது 1987 ஜூன் 4. முந்தைய நாள் ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருளைப் போட்டன. ஆபரேஷன் பூமாலை. பெர்லின் கணக்கில் பார்த்தால் 25 டன் என்பது மூன்று விமானச் சுமைகூட இல்லை. குடாநாட்டின் பசியை அது ஆற்றப்போவதில்லை என்பது அனுப்பியவர்களுக்கும் தெரியும். அன்று இறக்கப்பட்ட சரக்கு அரிசியைவிட அதிகம் அரசியல்தான் என்பது என் அபிப்பிராயம், திட்டுபவர்கள் திட்டலாம். பின்கதவுக்கு என்ன விழுகிறது என்று தெரியாது என்பதும் உண்மை. பிற்பாடு இலங்கை விமானப்படையின் சரக்கு விமானங்களிலிருந்தே அந்த ஊரின் மேல் குண்டுகள் விழுந்தன. மக்கள் அந்த விமானத்துக்கு 'சகடை' என்று பெயர் வைத்தார்கள்.

2016 ஜூலை 22 காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 போய்ச் சேரவில்லை. உள்ளே 29 பேர். கடலை எவ்வளவோ சலித்தும் கிடைக்கவில்லை. ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிந்தன. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரம், 3,400 மீட்டர் ஆழம். அந்தச் செய்தியை சார்ஜன்ட் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போர் விமானம் எத்தனை வாங்குகிறோம் என்று டிவியில் மணிக்கணக்கில் கத்துகிறோம். கான்பூரில் 1960-களில் உரிமம் வாங்கிக் கட்டிய ஆவ்ரோ சரக்கு விமானங்களுக்கு மாற்றாக 56 சி-295 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட 2021 ஆகிவிட்டது. அதில் 40 வதோதராவில் டாடா செய்கிறது, நல்ல விஷயம். ஆனால் வடிவமைப்பு ஐரோப்பாவுடையது. இவ்வளவு மலையும் இவ்வளவு தீவும் வைத்திருக்கிற நாடு, தனக்கென்று ஒரு நடுத்தர சரக்கு விமானத்தைச் சொந்தமாக வரைந்து பறக்கவிடவில்லை. ரஷ்யாவோடு சேர்ந்து ஒன்று செய்யப்போன திட்டமும் பாதியிலேயே நின்றுபோனது. சொந்தமாக ஒன்று வரும்வரைக்கும் லடாக்குக்கு மண்ணெண்ணெயும் கோதுமையும் சுமக்கிற வேலை அந்தக் கிழட்டு ஆன்டனோவ்களுக்கும்தான்.