பெரட்டுக் கணக்குக்கும் நான், கட்டணத்துக்கும் நானா?

"சான்றிதழ் உங்கள் முன்னேற்றத்துக்குத்தான்" என்று இனி எந்த மேலாளர் சொன்னாலும் நான் மரியாதை பார்க்கப் போவதில்லை. ஏழு ஆண்டுகளாகச் சுங்கை சிப்புட்டில் அம்மாவின் வீட்டிலிருந்தபடியே கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிவரும் எனக்கு, கிளவுட் (இணையவழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிச் சேவை) சான்றிதழைக் காட்டினால்தான் சம்பள உயர்வு, செலவு உங்களுடையது என்று மின்னஞ்சல் வந்தது.

யாருடைய முன்னேற்றம் இது? மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்றவற்றிடம் பார்ட்னர், அதாவது அதிகாரபூர்வக் கூட்டாளி என்ற தகுதி பெற விரும்பும் நிறுவனம், சான்றிதழ் பெற்ற ஊழியர்களைக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தத் தகுதியைக் காட்டித்தான் வாடிக்கையாளர்களைப் பிடிக்கிறார்கள். தாத்தா காலத்தில் தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் விடியற்காலைப் பெரட்டில், மண்டோர் என்ற மேற்பார்வையாளர் தலை எண்ணியதற்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றுதான்: பெரட்டில் நிற்பதற்குத் தாத்தாவிடம் யாரும் காசு கேட்கவில்லை.

அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுக்கு 150 அமெரிக்க டாலர்; மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் செம்பனைக் குலை வெட்டும் என் தம்பிக்கு அது ஒன்பது, பத்து நாள் உழைப்பு. தோற்றால் 14 நாள் காத்திருந்து முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும், தேறினாலும் மூன்று ஆண்டில் காலாவதியாகிவிடும். ஊழியர் பயிற்சிக்கென்றே சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவி என்ற கட்டாயக் கட்டணமாகக் கட்டும் நிறுவனம், அதிலிருந்து எனக்கு ஒரு சென்கூடத் திருப்பவில்லை.

தேர்வை நான் வீட்டிலிருந்தே எழுதினேன். மேசையைத் துடைத்து, சாமிப் படத்துக்குக் கீழே தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி, அறையின் நான்கு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். வேறு ஆள் அறைக்குள் வந்தால் தேர்வு ரத்தாகிவிடும் என்பதால் அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். தகரக் கூரையில் மழை கொட்டும்போது, எந்தச் சேவைக்கு எந்தப் பெயர் என்று பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு ஓர் இரவு எங்கள் தரவுத்தளத்தில் இணைப்புகள் தீர்ந்துபோய்ச் சேவை படுத்துவிட்டது. சான்றிதழ் வைத்திருந்த இருவர், பெரிய சர்வர் வாங்கலாம் என்றார்கள். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்த ஓர் இளம்பெண்தான் கணினி தானே எழுதிவைக்கும் லாக் பதிவை வரிவரியாகப் படித்து, பிழை நேரும்போது இணைப்பை மூடாமல் விட்ட ஒரு வரியைக் கண்டுபிடித்தார். அவரிடம் சான்றிதழ் இல்லை, ஆகவே கணக்கில் அவர் இல்லை. (எல்லாத் தேர்வும் வெற்றுத் தேர்வு என்று நான் சொல்லவில்லை, சர்வர்களில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸுக்கான சிகேஏ தேர்வு, இரண்டு மணி நேரம் கட்டளை தட்டும் டெர்மினலில் உட்காரவைத்துப் பழுதைச் சரிசெய்யச் சொல்கிறது. ஆனால் என் நிறுவனம் கேட்பது அதை அல்ல.)

தேறிவிட்டேன். கட்டண ரசீதை அனுப்பி மூன்று வாரமாகிவிட்டது, பதில் இல்லை. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், சான்றிதழ் பெற்ற பொறியாளர்களின் எண்ணிக்கையில் மட்டும் மறுநாளே ஒன்று கூடியிருந்தது.