வீரபத்திரனுக்குக் காது கேட்காது

(ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டம். தை மாதக் கடைசி. தொடர்வீடான லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் வேலு உட்கார்ந்திருக்கிறார். காலமெல்லாம் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து உருட்டும் ரோலர் பக்கத்தில் நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளே டிவி அலறுகிறது. அந்த லயத்தில் வேறு யாரும் டிவி வாங்கத் தேவையில்லை. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி தங்கராஜா வருகிறார். பழைய கொழுந்து லொறி டிரைவர், இப்போது, மன்மதனைச் சிவன் எரித்த கதையை மாசியில் ஆடும் காமன் கூத்துக்குக் கமிட்டிச் செயலாளர். கையில் அளவு நாடா.)

தங்கராஜா: எழும்பு மச்சான், இடுப்பு அளவு எடுக்கணும்.

வேலு: அடுப்பா? அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கு. தேத்தண்ணி குடிக்கிறாயா?

தங்கராஜா: இடுப்பு! வேஷம் தைக்க வேண்டாமா?

வேலு: யாருக்கு வேஷம்?

தங்கராஜா: உனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், "வீரபத்திரன் யாருக்கு வேணும்?" என்று கேட்டேன். மற்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். நீ இரண்டு கையையும் தூக்கினாய்.

வேலு: (பதறி எழுந்து) வீரபத்திரனா? வீட்டுப் பத்திரம் என்றல்லவா கேட்டாய்!

தங்கராஜா: வீட்டுப் பத்திரத்தைக் காமன் கமிட்டி எப்படியடா கொடுக்கும்?

வேலு: எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. இருநூறு வருஷமாக எந்த அரசாங்கமும் ஒழுங்காகக் கொடுக்காததை இவன் கொடுக்கிறானே, ஆளைக் குறைத்து எடை போட்டுவிட்டோம் என்று நினைத்தேன். ஏழு பேர்ச்சஸ் காணி என்றால் எவன் கையைத் தூக்க மாட்டான்?

தங்கராஜா: இந்த வயதில் வீரபத்திரன் ஆடத் துணிந்தாயே என்று கூட்டமே கைதட்டியதே!

வேலு: பத்திரம் கிடைத்த சந்தோஷத்தில் தட்டுகிறார்கள் என்று நானும் சேர்ந்து தட்டினேன். மச்சான், அது ஆவேசமாக ஆடுகிற வேஷம். நாலு பேர் பிடித்தாலும் நிற்காமல் ஆடணும். என்னை நிற்க வைக்கத்தான் நாலு பேர் வேண்டும்.

தங்கராஜா: வேஷத்தை அப்புறம் பார்ப்போம். உண்மையைச் சொல். காது கேட்கவில்லைதானே?

வேலு: யார் சொன்னது? போன வருஷம் கண்டிக் கல்யாணத்துக்குப் போகும்போது கினிகத்தேனை இறக்கத்தில் அடைத்தது. இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கராஜா: மலை இறங்கும்போது அடைக்கிற காது, ஒரு கொட்டாவி விட்டால் திறந்துவிடும். எச்சில் விழுங்கினாலும் திறந்துவிடும். உன் காது திறப்பதற்குள் அந்தக் கல்யாணத்துப் பிள்ளைக்குக் குழந்தையே பிறந்துவிட்டது.

வேலு: சத்தமெல்லாம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. இப்போதுள்ள ஆட்கள்தான் வாய்க்குள் பேசுகிறார்கள். உன் தங்கச்சியைப் பார், முன்பெல்லாம் இவள் குரல் அடுத்த டிவிஷன் வரை கேட்கும். இப்போது முணுமுணுக்கிறாள்.

தங்கராஜா: அந்த முணுமுணுப்பைக் கேட்டுத்தான் கருவாடு வாங்கப் போனவன் கவ்வாத்துக் கத்தியோடு வந்தாயா?

வேலு: அவள் சொன்னது அப்படித்தான் விழுந்தது! கத்தியைப் பார்த்ததும் அவள் ஒன்றுமே பேசவில்லை. நானும் திருப்தி என்று நினைத்தேன்.

தங்கராஜா: கையில் கத்தியோடு நிற்கிற புருஷனிடம் எவள் பேசுவாள்? சரி, ஒருவர் சொல்வது விளங்காவிட்டால் என்ன செய்வாய்?

வேலு: சிரிப்பேன். "சரி, சரி" என்பேன். பெரும்பாலும் அது போதும்.

தங்கராஜா: பெரியசாமி மாமா தவறிப்போன செய்தியைச் சொல்ல வந்தவனிடம், "ரொம்பச் சந்தோஷம், குடும்பத்தோடு வருகிறேன்" என்றாயே. அது போதுமா?

வேலு: (தலையைச் சொறிந்து) சொன்னபடி குடும்பத்தோடு போனேனே.

தங்கராஜா: சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை. அதுதான் மச்சான் இந்த வியாதியின் குணம். அ, ஆ, உ எல்லாம் தடித்த சத்தம், அது காதில் விழுந்துவிடும். ச, த, ப, க எல்லாம் மெல்லிய சத்தம். பேச்சுக்கு உயிரே அதுதான், முதலில் தேய்வதும் அதுதான். அதனால்தான் தப்பு மேளம் அடிப்பது கேட்கிறது, பாட்டு விளங்க மாட்டேன் என்கிறது. பெண்கள் குரலும் பிள்ளைகள் குரலும் கீச்சு. பேத்தி போன் எடுத்தால் நீ உன் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போவது ஏன் என்று ஊருக்கே தெரியும்.

(வேலு பதில் சொல்லவில்லை. உள்ளே போய் டிவியைக் குறைத்துவிட்டு வருகிறார். லயம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது.)

வேலு: இது எப்படி மச்சான் வந்தது? ஸ்டோரில் மிஷினுக்குக் காவல் சாமி என்று வருஷா வருஷம் ரோதைமுனிக்குக் கோழி அறுத்தோமே.

தங்கராஜா: ரோதைமுனி உன் கையைக் காப்பாற்றினாரே, அதற்கு நன்றி சொல். காதுக்கு நீதான் பஞ்சாவது வைத்திருக்கணும்.

வேலு: பஞ்சு போதுமா?

தங்கராஜா: போதாது. அதற்கென்று செய்த அடைப்பான் இருக்கிறது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்பவனிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் காதைத் தின்கிறது என்று அர்த்தம். 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் தினமும் நின்றால் வருஷக் கணக்கில் காது போகும் என்கிறார்கள். எனக்கு லொறி எஞ்சின், உனக்கு ரோலர். அதற்கு மேல் வயதும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்!

வேலு: நான் வைத்தியம் பார்க்காமல் இல்லை. பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினேன். கோழி இறகால் குடைந்தேன்.

(கோழி இறகைக் காதுக்குள் விடாத வீடு மலையகத்தில் எத்தனை இருக்கும்? வேலுவை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.)

தங்கராஜா: குடையக் குடையக் குரும்பி உள்ளேதான் போகும். சவ்வு கிழிந்தால் இருக்கிறதும் போச்சு. கிளினிக்கில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். சில பேருக்கு வெறும் குரும்பிதான், எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஒன்று, ஒரே ராத்திரியில் ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு இருக்கக்கூடாது. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

வேலு: எதற்குக் கிளினிக்? டவுனில் ரோட்டோரம் காது மிஷின் விற்கிறான். ரேடியோ விலைதான்.

தங்கராஜா: அது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகத் தூக்கும். இந்தத் தகரக் கூரையில் மழை கொட்டும்போது அதைப் போட்டுப் பார், ஸ்டோருக்கே திரும்பிப் போன மாதிரி இருக்கும். நல்ல மிஷின் அப்படியில்லை. எந்தச் சத்தம் எவ்வளவு குறைகிறது என்று ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்து, படம் போட்டு, குறைகிறதை மட்டும் கூட்டி வைப்பார்கள். அந்தப் படத்தில் கீச்சுச் சத்தத்துப் பக்கம் என்னுடைய கோடு கினிகத்தேனை இறக்கமேதான்.

வேலு: உன்னுடைய கோடா?

தங்கராஜா: (தொப்பியைக் கழற்றுகிறார். இரண்டு காதுக்குப் பின்னாலும் அவரைக் கொட்டை அளவில் சாம்பல் நிறத்தில் ஏதோ இருக்கிறது) தீபாவளியிலிருந்து போட்டிருக்கிறேன்.

வேலு: அடப்பாவி! தினமும் என்னோடுதானே வெற்றிலை போடுகிறாய்?

தங்கராஜா: போடுகிறேன். மிஷின் வைத்தால் ஊர் சிரிக்கும் என்று நீ என்னிடமே பத்துத் தடவை சொல்லியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் தெளிவாகக் கேட்டது.

வேலு: (கிட்டே வந்து உற்றுப் பார்த்து) நோகுமா?

தங்கராஜா: நோகாது. காதுக்குள் மாவு மாதிரி ஒன்றை விட்டு அச்சு எடுத்துத்தான் செய்கிறார்கள். அச்சு சரியாகப் பொருந்தாவிட்டால் விசிலடிக்கும். முதல் வாரம் பைத்தியம் பிடித்தது, அதை மறைக்க மாட்டேன். கோப்பையில் சீனி கலக்குகிற சத்தம், என் செருப்புச் சத்தம், காகிதம் கசங்குகிற சத்தம். இவ்வளவு காலம் இதெல்லாம் எங்கே இருந்தது என்று கோபம் வந்தது. தினமும் கொஞ்ச நேரம், அப்புறம் கொஞ்சம் கூட என்று போட்டுப் பழகணும். மூளை பழக வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாளில் கழற்றி அலுமாரியில் வைக்கிறவன் காசைத்தான் அலுமாரியில் வைக்கிறான்.

வேலு: போட்டால் பழையபடி கேட்குமா?

தங்கராஜா: பழையபடி கேட்காது. பொய் சொல்லி உன்னைக் கூட்டிப்போக மாட்டேன். கூட்டத்தில் நாலு பேர் ஒரேயடியாகப் பேசினால் எனக்கும் தடுமாற்றம்தான். ஆனால் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசினால் கருவாடு கருவாடாகவே இருக்கும்.

வேலு: காசு?

தங்கராஜா: பெரியாஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் காசில்லை. மிஷினுக்குத்தான். விலையில் பல தினுசு இருக்கிறது, லட்சத்தைத் தாண்டுகிறதும் உண்டு. எடுத்தவுடன் வாங்காதே. போட்டுப் பார்க்கத் தருவார்களா, கெட்டுப்போனால் யார் திருத்துவார்கள் என்று கேள். பொத்தான் பேட்டரி ஒரு வாரம், பத்து நாள் ஓடும். ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கிவிடும். அதனால் அழகு பார்க்க உரித்து வைக்காதே. நம் ஊர் மூடுபனி ஈரத்துக்கு, ராத்திரியில் ஈரம் உறிஞ்சுகிற உருண்டை போட்ட டப்பாவில் வைக்கணும்.

வேலு: ஓய்வு பெறும்போது கிடைத்த ஈ.பி.எஃப். காசு கூரைக்கே போய்விட்டது மச்சான்.

தங்கராஜா: கொழும்பிலிருக்கிற உன் மகள் என்னிடம் பேசினாள். அப்பா பேத்தியோடு போனில் பேசுவார் என்றால் பாதி நான் தருகிறேன் என்கிறாள். மற்றப் பாதிக்கு அந்த மாட்டைப் பார்.

வேலு: மாட்டை விற்றால் உன் தங்கச்சி சும்மா இருப்பாளா?

தங்கராஜா: திட்டுவாள். ஒரு சொல் விடாமல் கேட்கலாம்.

வேலு: (நீண்ட யோசனைக்குப் பிறகு) அது கிடக்கட்டும். என் பெயரை வீரபத்திரனிலிருந்து வெட்டிவிடு.

தங்கராஜா: கைதட்டி வாங்கிய வேஷத்தை எப்படி வெட்டுவது? வேண்டுமானால் தூதனாக மாற்றிப் போடுகிறேன். ஒரு சாமி சொல்கிறதைக் கொண்டுபோய் மன்மதனிடம் சொல்லணும், அவ்வளவுதான்.

வேலு: சாமி சொல்கிறதைக் காதில் வாங்குகிறது யார்? நான் போய் வேறு எதையாவது சொல்லி, ஊரே கூடியிருக்கிற இடத்தில் இரண்டு சாமிக்கும் சண்டை மூட்டவா?

தங்கராஜா: அப்படியென்றால் வியாழக்கிழமை கண்டிக் கிளினிக்குக்குப் போவோம். மாசிப் பௌர்ணமிக்குள் மிஷின் வருமோ வராதோ, காதில் என்ன கோளாறு என்றாவது தெரிந்துவிடும்.

வேலு: சரி, சரி.

தங்கராஜா: இது எந்தச் சரி? கேட்ட சரியா, கேட்காத சரியா?

வேலு: கேட்ட சரி. பஸ் எத்தனை மணிக்கு?

தங்கராஜா: ஐந்தரைக்கு.

வேலு: ஏழரையா?

தங்கராஜா: ஏழரை உனக்கு ஏற்கனவே நடக்கிறது. பஸ் ஐந்தரைக்கு!